நாற்பது மீட்டர் தூரம்

பிலடெல்பியாவின் தெருமுனைக் கடையை நம் ஊர்ப் பெட்டிக்கடையின் அண்ணன் என்று சொல்லலாம். அளவில் கொஞ்சம் பெரியது. உள்ளே நுழையக் கதவு உண்டு. சில கடைகளில் கல்லாவுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே துப்பாக்கிக் குண்டு துளைக்காத தடித்த கண்ணாடியும் உண்டு. மற்றபடி எல்லாம் நமக்குத் தெரிந்த ஏற்பாடுதான். பத்து வயதுப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் சிப்ஸ், கல்லாவை ஒட்டி மிட்டாய், சுவரோரம் குளிர்பானப் பெட்டி. காலையில் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்னும், சாயங்காலம் பள்ளி விட்ட பின்னும் அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

அந்த நகரத்தின் டெம்பிள் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் 10 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைச் சுற்றியிருந்த 24 கடைகளின் வாசலில் நின்றுகொண்டார்கள். 4ஆம் வகுப்பிலிருந்து 6ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வெளியே வரும்போது, “என்ன வாங்கினாய், காட்டுகிறாயா?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் பிள்ளைகள் மறந்திருப்பார்கள், அல்லது அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்கள். கையில் பை இருக்கும்போது அந்தச் சிக்கல் இல்லை. இப்படி 833 முறை வாங்கியதைப் பதிவு செய்து 2009இல் வெளியிட்டார்கள்.

ஒரு பிள்ளை ஒரு தடவையில் சராசரியாகச் செலவழித்தது 1 டாலர் 7 சென்ட். அதற்குக் கிடைத்தது இரண்டு பொருள், 356 கலோரி. அதிகம் வாங்கியவை சிப்ஸ், மிட்டாய், சர்க்கரை போட்ட பானங்கள். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாளும் தினம் ஒருமுறை கடைக்குப் போவதாகச் சொன்னார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 1,600 முதல் 2,000 கலோரி. அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு டாலருக்கு, இரண்டு நிமிடத்தில், பெற்றோர் கண்ணில் படாமல் வாங்கிவிட முடிந்தது. அப்போது 25 சென்ட் நாணயம் ஒன்றுக்குச் சின்ன சிப்ஸ் பாக்கெட் ஒன்று கிடைத்தது. இன்னொரு நாணயத்துக்குப் பீப்பாய் வடிவக் குட்டி பிளாஸ்டிக் புட்டியில் நீலமோ சிவப்போ கலந்த இனிப்புத் தண்ணீர். குழந்தையின் சட்டைப்பையில் எவ்வளவு சில்லறை இருக்கும் என்பதை உணவு நிறுவனங்கள் நன்றாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கின்றன.

இந்த 356 என்ற எண் பெரியதா சிறியதா என்று முடிவு செய்ய இன்னொரு எண் வேண்டும். வளரும் பிள்ளையின் எடை ஏறத்தான் வேண்டும், ஏறாவிட்டால்தான் கவலை. அதனால் பெரியவர்களுக்குப் போடும் 25, 30 என்ற பிஎம்ஐ கோடுகளைப் பிள்ளைகளுக்குப் போடுவதில்லை. ஒரே வயதும் ஒரே பாலினமும் கொண்ட நூறு பிள்ளைகளைப் பிஎம்ஐ வரிசையில் நிறுத்தினால் இந்தப் பிள்ளை எத்தனையாவது இடத்தில் நிற்கும் என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 85ஆவது இடத்தைத் தாண்டினால் அதிக எடை, 95ஐத் தாண்டினால் உடல் பருமன். அந்த நூறு பேர் இன்றைய பிள்ளைகள் அல்லர், 1960களிலிருந்து அளந்து வைக்கப்பட்ட பழைய தலைமுறைப் பிள்ளைகள். நூற்றுக்கு ஐந்து பேர் மட்டுமே தாண்டும்படி வகுத்த அந்தக் கோட்டை இன்று அமெரிக்காவில் ஐந்தில் ஒரு பிள்ளை தாண்டி நிற்க முடிவது அதனால்தான்.

அப்படிக் கூடிப்போன எடைக்கு எவ்வளவு உணவு கூடுதலாகப் போயிருக்க வேண்டும்? கிளேர் வாங் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2006இல் கணக்கிட்டார்கள். 1988–94 காலத்தில் 2 முதல் 7 வயதில் இருந்த பிள்ளைகள் 1999–2002இல் விடலைப் பருவத்துக்கு வந்தபோது, அவர்கள் மேல் ஏறியிருந்த அதிகப்படி எடைக்கு நாளொன்றுக்கு 110 முதல் 165 கலோரி மிச்சப்பட்டிருந்தாலே போதுமானது. ஒரு தெருமுனைக் கடைப் பையில் அதைப் போல் இரு மடங்குக்கு மேல் இருக்கிறது.

கடையில் குடித்த பிள்ளை வீட்டில் குறைத்துச் சாப்பிட்டுச் சரிக்கட்டிக்கொள்ளாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நெதர்லாந்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 5 வயது முதல் 11 வயது வரை உள்ள 641 பிள்ளைகள். பெரும்பாலோர் சரியான எடையில் இருந்தவர்கள். அவர்களை இரண்டாகப் பிரித்து, தினம் பள்ளியில் ஒரு 250 மில்லி டின் பானம் கொடுத்தார்கள். ஒரு பாதிக்குச் சர்க்கரை போட்டது, 104 கலோரி. மறு பாதிக்குச் சர்க்கரை இல்லாத இனிப்பு. டின்னும் ருசியும் ஒன்றுபோல இருந்ததால் யாருக்கு எது என்று தெரியாது. 18 மாதத்தில் சர்க்கரைப் பானம் குடித்தவர்களுக்கு 7.37 கிலோ ஏறியது, மற்றவர்களுக்கு 6.35 கிலோ. ஒரு கிலோ வித்தியாசம், ஒரே ஒரு டின்னால். 2012இல் வந்த இந்த ஆய்வு குழந்தைப் பருமன் பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் பெற்றோருக்கு உபதேசம் இல்லை, உடற்பயிற்சி வகுப்பு இல்லை. டின் மட்டும்தான் மாறியது.

சர்க்கரைத் தண்ணீர் எடை ஏற்றுகிறது, அதைக் கடை விற்கிறது. அப்படியானால் கடை அருகில் இருப்பதே பிள்ளையின் எடையைக் கூட்டுமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

*

முதலில் இந்தக் கேள்வியின் மறுபக்கம்: நல்ல கடை அருகில் இல்லாதது. 1990களில் பிரிட்டனில் “உணவுப் பாலைவனம்” என்ற பேச்சு கிளம்பியது. ஸ்காட்லாந்தின் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளுக்கு அருகில் காய்கறி, பழம் விற்கும் கடை இல்லை. பேருந்து பிடித்துத்தான் போக வேண்டும். அதனால் கிடைத்ததைத் தின்கிறார்கள், உடல் கெடுகிறது என்பது வாதம். கேட்டவுடன் சரியென்று படும். அமெரிக்கா இதை அப்படியே எடுத்துக்கொண்டது. பென்சில்வேனியா மாநிலம் 2004இல், கடையில்லாப் பகுதிகளில் சூப்பர் மார்க்கெட் திறக்கிறவர்களுக்குப் பண உதவி தர ஆரம்பித்தது. 2010இல் மிஷெல் ஒபாமா தன் குழந்தைப் பருமன் ஒழிப்பு இயக்கத்தில் இதை முன்னால் வைத்தார்: ஏழு ஆண்டுகளில் நாட்டில் உணவுப் பாலைவனமே இருக்காது. அதற்கென 40 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கும் திட்டம் போடப்பட்டது.

கடைகள் திறந்தன. எடை இறங்கியதா?

கிளாஸ்கோவில் ஸ்பிரிங்பர்ன் என்ற ஏழைப் பகுதியில் பெரிய கடை வந்தபோது, அதேபோன்ற இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டு ஸ்டீவன் கம்மின்ஸும் கூட்டாளிகளும் 2005இல் எழுதினார்கள்: பழம், காய்கறி சாப்பிடுவதில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அதே கம்மின்ஸ் பிலடெல்பியாவில் புதிய கடை ஒன்றை ஆராய்ந்து 2014இல் சொன்னது: அருகில் நல்ல உணவு கிடைக்கிறது என்று மக்கள் உணர்கிறார்கள், ஆனால் சாப்பாடும் மாறவில்லை, பிஎம்ஐயும் மாறவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அரசு உதவியோடு திறந்த சூப்பர் மார்க்கெட்டைச் சுற்றி, சிறு பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றே நேரடியாகப் பார்த்தார்கள், அங்கும் ஏமாற்றம்தான். பிட்ஸ்பர்கின் ஹில் மாவட்டத்தில் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2013இல் கடை வந்தது. அங்கே வசித்தவர்களின் உணவு கொஞ்சம் மேம்பட்டது உண்மை. வேடிக்கை என்னவென்றால், புதிய கடைக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. எடை அசையவில்லை. 2019இல் அந்தக் கடை மூடப்பட்டும் விட்டது.

ஹன்ட் ஆல்காட்டும் ஐந்து பொருளியலாளர்களும் நாடு முழுவதுமான மளிகை ரசீதுகளை அலசி 2019இல் போட்ட கணக்குதான் இந்த விவாதத்துக்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்தது. ஏழைக் குடும்பங்களுக்கும் பணக்காரக் குடும்பங்களுக்கும் உணவுத் தரத்தில் உள்ள இடைவெளியில், அருகில் கடை இருக்கிறதா, என்ன விலை என்பதெல்லாம் சேர்ந்து சுமார் 10 சதவீதம்தான். பாக்கி 90 சதவீதம் குடும்பம் எதை வாங்க விரும்புகிறது என்பதைப் பொறுத்தது. காரணமும் சாதாரணமானது. அமெரிக்கர்கள் மளிகை வாங்கச் சராசரியாக 5 மைலுக்கு மேல் காரில் போய் வருகிறார்கள். ஏற்கெனவே தூரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், பக்கத்தில் திறந்ததும் பக்கத்தில் வாங்கினார்கள். வண்டியில் விழுந்த பொருள் மாறவில்லை.

சூப்பர் மார்க்கெட்டை நல்ல உணவின் கோயிலாக நினைத்ததே கோளாறு என்று எனக்குத் தோன்றும். அங்கே கீரை ஒரு மூலையில் இருக்கும். சிப்ஸுக்கும் சோடாவுக்கும் தனித்தனி வரிசையே உண்டு, அதுவும் பெரிய பாக்கெட்டாக, கிராமுக்குக் கிராம் மலிவாக. இன்னொன்று: வாங்குகிறவர் அம்மாவோ அப்பாவோ. பட்டியல் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை, வண்டியில் போய் வாங்குபவருக்கு ஒரு மைல் தூரம் ஒரு பொருட்டே இல்லை. பிள்ளை அப்படி வாங்குவதில்லை.

*

பிள்ளைக்குக் கார் கிடையாது. பட்டியலும் கிடையாது. பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் பாதை இருக்கிறது, சில்லறை இருக்கிறது, கூடவே மூன்று நண்பர்கள் இருக்கிறார்கள். ஆகவே பிள்ளையின் உலகத்தை மைலில் அளக்கக் கூடாது. மீட்டரில் அளந்தவர்களுக்குத்தான் ஏதோ தட்டுப்பட்டது.

ஜேனட் கரி, ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, என்ரிகோ மொரெட்டி, விக்ரம் பதானியா என்ற நான்கு பொருளியலாளர்கள் கலிபோர்னியாவின் 9ஆம் வகுப்பு மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த மாநிலத்தில் அந்த வகுப்பில் எல்லாருக்கும் உடல்தகுதிச் சோதனை உண்டு. பல ஆண்டுகளில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரம் கிடைத்தது. பள்ளியிலிருந்து 160 மீட்டருக்குள் துரித உணவகம் ஒன்று இருந்தால் பருமனான பிள்ளைகளின் விகிதம் 1.7 சதவீதப் புள்ளி கூடுதல். ஒப்பீட்டில் சொன்னால் 5.2 சதவீத உயர்வு. 400 மீட்டரில் இருந்தால்? விளைவு இல்லை. 800 மீட்டரில்? இல்லை. இடைவேளையில் ஓடிப்போய்த் திரும்ப முடிகிற தூரத்தோடு விளைவு நின்றுவிடுகிறது. அதே 160 மீட்டருக்குள் இருந்த சாதாரண உணவகங்களால் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் திறக்காத, பின்னால் திறக்கப்போகிற துரித உணவகங்களையும் கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கும் விளைவு இல்லை. அதாவது, ஏற்கெனவே குண்டான பிள்ளைகள் இருக்கும் இடம் பார்த்துக் கடை வந்தது என்று சொல்லிவிட முடியாது. இந்த எடையைக் கலோரியாக மாற்றினால் பள்ளி நாளொன்றுக்கு 30 முதல் 100 தான் வருகிறது. நெதர்லாந்து டின்னையும், கிளேர் வாங்கின் 110ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து நிற்கின்றன.

அடுத்து நியூயார்க். பிரையன் எல்பெலும் குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, நகரத்தின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டு வாசலிலிருந்து ஒவ்வொரு வகைக் கடைக்கும் உள்ள தூரத்தை அளந்தது. துரித உணவகம் அரை பிளாக்குக்குள், அதாவது சுமார் 40 மீட்டருக்குள் இருந்த பிள்ளைகளில் 20 சதவீதம் பேர் பருமன். அதிக எடையையும் சேர்த்தால் 38 சதவீதம். அந்தத் தூரத்தைத் தாண்டியதுமே விகிதம் இறங்க ஆரம்பிக்கிறது, கடையின் வகையைப் பொறுத்து 2.5 முதல் 4.4 சதவீதம் வரை. தெருமுனைக் கடைக்கு இந்த இறக்கம் 1 முதல் 3 சதவீதம். சின்ன எண்கள்தாம். ஆனால் நாற்பது மீட்டர் என்பது எவ்வளவு? மாடியிலிருந்து இறங்கிய பிள்ளை செருப்பைச் சரியாக மாட்டிக்கொள்வதற்குள் வந்துவிடும் தூரம். பொரித்த கோழி வாசனை படிக்கட்டு வரை வரும் தூரம்.

புள்ளியியல் தெரிந்தவர் உடனே கை தூக்குவார். பொரித்த கோழிக் கடைக்கு மேல் மாடியில் யார் வாடகைக்குக் குடியிருப்பார்கள்? வசதி உள்ளவர்களா? வாடகை குறைவு, இரைச்சல் அதிகம், அங்கே வந்து சேருகிறவர்கள் ஏழைகள். ஏழ்மையே எடைக்குக் காரணமாக இருந்து, கடை வெறுமனே பக்கத்தில் நின்றிருக்கலாம். அக்கம்பக்கத்து உணவுச் சூழல் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இந்த ஒரு கேள்வியில் சரிந்து விழுந்துவிடும்.

இதற்கு எல்பெலின் சகாக்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நியூயார்க்கில் நம் ஹவுசிங் போர்டு மாதிரி அரசு கட்டிய பெரும் குடியிருப்புகள் உண்டு. ஒரு வளாகத்தில் பல கட்டடங்கள் இருக்கும். வரிசையில் காத்திருப்பவர்களுக்கு எது காலியோ அதுதான் கிடைக்கும்; தெருப்பக்கத்துக் கட்டடம் வேண்டும், உள்பக்கத்துக் கட்டடம் வேண்டும் என்று அடம்பிடிக்க அதிக இடமில்லை. எல்லாரும் ஏழைகள், எல்லாரும் ஒரே பேட்டையில், ஒரே வாடகை முறையில். மாறுவது ஒன்றுதான்: உன் கட்டடத்து வாசலிலிருந்து துரித உணவகம் எவ்வளவு தூரம். ஜீஹீ ஹான், ஏமி எலன் ஷ்வார்ட்ஸ், எல்பெல் மூவரும் இதை எடுத்துப் பார்த்தபோது, கடை அருகில் விழுந்த பிள்ளைகளுக்கு எடை கூடுதலாகவே இருந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டது போன்ற இந்த ஏற்பாட்டிலும் விளைவு தப்பிப் பிழைத்தது என்பதால், இந்தத் துறையில் நான் அதிகம் நம்பும் ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

அதில் ஓர் ஆச்சரியம் இருந்தது. கையில் காசு புழங்கும் பெரிய பிள்ளைகளிடம்தான் விளைவு அதிகம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம், குறிப்பாக வீட்டருகே உள்ள பள்ளியிலேயே படிப்பவர்களிடம்தான் அது பெரிதாகத் தெரிந்தது. யோசித்தால் புரியும். பெரிய பிள்ளை ரயில் ஏறி ஊரின் இன்னொரு கோடிக்குப் படிக்கப் போகிறான். அவன் பார்க்கும் கடைகள் வேறு. ஏழு வயதுப் பிள்ளைக்கோ வீடு, பள்ளி, பூங்கா எல்லாம் ஒரே தெரு. காலையும் மாலையும் அதே கடை வாசல். காசு கொடுப்பது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் களைத்துப்போன பெரியவர்.

*

எதிர்ச் சாட்சிகளை மறைக்கக் கூடாது. அமெரிக்க ராணுவத்தில் குடும்பம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை மேலிடம்தான் முடிவு செய்யும். இதையே சோதனையாகப் பயன்படுத்தி அஷ்லேஷா தாதரும் நான்சி நிகோசியாவும் பல ஆய்வுகள் செய்தார்கள். 2018இல் வந்த ஒன்றில், பருமன் அதிகமுள்ள மாவட்டங்களுக்கு மாற்றலான குடும்பங்களில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் எடை கூடும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆக, ஊர் எடையைத் தொடுகிறது. ஆனால் அதே குழு அதற்கு முன்பு கடைகளின் எண்ணிக்கையைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, அதற்கும் பிள்ளைகளின் எடைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. ஹெலன் லீ என்ற சமூகவியலாளர் நாடு தழுவிய ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் தரவில் 2012இல் கண்டதும் இதுதான்: ஏழைப் பகுதியில் துரித உணவகம் அதிகம், அதே சமயம் மளிகைக்கடையும் அதிகம், இரண்டும் பிள்ளையின் எடையேற்றத்தை விளக்கவில்லை.

இவை நியூயார்க் முடிவோடு மோதுகின்றனவா? பாதி மோதல் அளவுகோலால் வந்தது என்பது என் முடிவு. ஒரு வட்டாரத்தில் மொத்தம் எத்தனை கடை என்று எண்ணுவது ஒன்று. பிள்ளையின் வாசலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்ப்பது வேறொன்று. இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் பத்துக் கடை இருந்தாலும், நடக்கும் பாதையில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். மறுபாதி, விளைவே சிறியது என்பதால் வந்தது. கடையை இடித்துத் தள்ளினால் பருமன் தீரும் என்று சொல்லும் ஆய்வு எதுவும் இல்லை.

சட்டத்தின் கை தவறான இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் உதாரணம். 2008இல் நகரத்தின் தெற்குப் பகுதியில் புதிய தனிக்கட்டடத் துரித உணவகங்களுக்குத் தடை போட்டார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. ரோலண்ட் ஸ்டர்மும் டெபோரா கோஹனும் போய் எண்ணிப் பார்த்தால், தலைக்கு இத்தனை என்ற கணக்கில் அந்தப் பகுதியில் சங்கிலித் துரித உணவகங்கள் மற்ற பகுதிகளைவிட அதிகம் இல்லை. அதிகம் இருந்தவை சின்னச் சின்னக் கடைகள், சிப்ஸும் சோடாவும் விற்பவை. தடை அவற்றைத் தொடவே இல்லை. ஏற்கெனவே இருந்த உணவகங்களையும் தொடவில்லை. 2015இல் வந்த மதிப்பீட்டில் பருமன் குறையவில்லை, ஏறித்தான் இருந்தது. லண்டனின் வால்தம் ஃபாரஸ்ட் 2009இல் பள்ளிகளைச் சுற்றி 400 மீட்டருக்குள் புதிய பார்சல் உணவுக் கடைகளுக்கு அனுமதி மறுக்க ஆரம்பித்தது. பல நகராட்சிகள் அதைப் பின்பற்றின. அந்த விதிக்கும் இதே குறைதான்: வரப்போகும் கடையைத் தடுக்கலாம், வந்து உட்கார்ந்துவிட்ட கடையை ஒன்றும் செய்ய முடியாது.

கடையையே நல்வழிப்படுத்தலாமே என்றும் பிலடெல்பியாவில் முயன்றார்கள். பழத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் கடையில் வைக்கச் செய்து, பள்ளியில் பாடமும் நடத்தி, இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் வாசலில் நின்று பைகளைப் பார்த்தார்கள். கலோரி குறையவில்லை. பழம் அலமாரியில் ஏறியது சரி, சிப்ஸ் இறங்கவில்லையே. 25 சென்ட் பாக்கெட் அதே இடத்தில், அதே உயரத்தில், அதே விலையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஓர் ஆப்பிளை வைத்துவிட்டுப் பிள்ளை மனம் மாறும் என்று காத்திருப்பது நியாயமில்லை.

*

இந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. இந்தியாவில் 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். அதிக எடை உள்ளவர்கள் 3.4 சதவீதம். முந்தைய கணக்கெடுப்பில் அது 2.1 ஆக இருந்தது. பட்டினியும் பருமனும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. நம் பள்ளி வாசலில் மெக்டொனால்ட்ஸ் இல்லை. சரம் சரமாகத் தொங்கும் 5 ரூபாய் பாக்கெட்டும், 10 ரூபாய்க் குளிர்பானமும் இருக்கின்றன. 5 ரூபாய் பாக்கெட்டில் காற்றுதான் அதிகம் என்று கேலி செய்கிறோம். சிப்ஸ் எதுவானாலும் 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல். 12 கிராம் இருந்தால் 60 கலோரி. ஒரு பாக்கெட்டால் எதுவும் கெட்டுவிடாது. இரண்டு பாக்கெட்டும் ஒரு குளிர்பானமும் சேர்ந்து தினப்படி வழக்கமாகும்போது நெதர்லாந்து டின்னைத் தாண்டிவிடுகிறோம். பசித்த பிள்ளைக்கோ இன்னொரு நட்டம்: அந்தக் கலோரி முட்டையின் இடத்தையும் பயறின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

பிலடெல்பியாப் பிள்ளைகள் காலையிலேயே கடைக்குப் போவதை நினைத்தால், தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தை நான் வேறு கண்ணோடும் பார்க்கிறேன். அது எடைக்காகக் கொண்டுவந்ததல்ல, பசிக்காகக் கொண்டுவந்தது. ஆனால் வயிறு நிறைந்த பிள்ளை பெட்டிக்கடையைக் கடப்பதற்கும் காலி வயிற்றோடு கடப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

தூரம் பற்றி இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் உதய் ஃபவுண்டேஷன் தொடுத்த பொதுநல வழக்கில் கிளம்பிய விவாதம், பத்து ஆண்டு கழித்து இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளில் முடிந்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. நியூயார்க்கின் 40 மீட்டரும் இந்த 50 மீட்டரும் கிட்டத்தட்டப் பொருந்துவது தற்செயல்தான். கலிபோர்னியாவின் 160ஐ எடுத்துக்கொண்டால் 50 போதாது. ஆனாலும் இருக்கும் 50ஐ முதலில் நடைமுறைப்படுத்துவோம்.

அதைச் செய்யும்போது ஓர் எச்சரிக்கை. பள்ளி வாசலில் கொய்யாவைக் கீறி மிளகாய்ப்பொடி தூவித் தருகிற அம்மா, சுண்டல் மடித்துத் தருகிற தாத்தா, நெல்லிக்காய்க் கூடை ஆகியவை இந்த விதியின் குறி அல்ல. அதிகாரிகள் வண்டியில் வந்து இறங்கினால் முதலில் ஓட வேண்டியிருப்பது தரையில் உட்கார்ந்திருப்பவர்கள்தாம். ஷட்டர் போட்ட கடை தங்கிவிடும். அப்படி நடந்தால் லாஸ் ஏஞ்சலஸ் செய்ததைத்தான் நாமும் செய்தவர்கள் ஆவோம்: தொங்குகிற சரம் தொங்கிக்கொண்டே இருக்கும், கொய்யாக்கூடை காணாமல் போகும்.

அந்த விதிமுறையில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. இப்படிப்பட்ட பண்டங்களை விற்கவோ, இலவசமாகத் தரவோ, விளம்பரம் செய்யவோ கூடாது என்ற எச்சரிக்கைப் பலகையைப் பள்ளி நிர்வாகம் நுழைவாயிலிலேயே வைக்க வேண்டும். ஆங்கிலத்திலோ ஓர் இந்திய மொழியிலோ. அடுத்த முறை பிள்ளையை அழைத்துவரப் போகும்போது வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.